தாஜ் ஓட்டலின் பின்வாசல்

மும்பைக் கடலோரத்திலே, இந்திய நுழைவாயிலுக்கு அருகே நிற்கும் தாஜ்மகால் ஓட்டலை அறியாதார் யார்? அங்கே தங்குவது சீமான்களுக்குப் பழக்கம். நம் போன்றோருக்கு வேடிக்கை! நண்பர் ஒருவர் தயவால் நாமும் ஓரிரவு தங்கினோம். மெத்தை மிருதுவாகத்தான் இருந்தது, உறக்கந்தான் வரவில்லை.

கட்டியவர் ஜாம்செட்ஜி டாட்டா. 1903 டிசம்பரில் திறப்பு. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். நுழைவாயில் கட்டி முடிந்ததோ 1924-இல். வாயிலுக்கு முன்பே வந்துவிட்டது மாளிகை! வெள்ளையர் ஓட்டலொன்றில் டாட்டாவை உள்ளே விட மறுத்தார்களாம், அந்த ரோஷத்தில் எழுப்பினாராம் என்றொரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையான கதை, ஆதாரந்தான் இல்லை. முதற்போரின்போது இதே மாளிகை 600 படுக்கை கொண்ட மருத்துவமனையாயிற்று. 1946 பிப்ரவரியில், இதே கொலாபாப் பகுதியில், உண்ணத் தகாத உணவைத் தட்டில் கண்ட கடற்படைத் தோழர்கள் கொதித்தெழுந்தனர். மாளிகையைப் பற்றிப் பேசுவோர் அதைச் சொல்வதில்லை.

மன்னர்கள் தங்கினர், மந்திரிகள் தங்கினர், சினிமா நட்சத்திரங்கள் தங்கினர் என்று பட்டியல் படிப்பார்கள். படிக்கட்டும். நாம் கேட்பது வேறு. அந்த வீடு யாரால் நிற்கிறது?

விடை கிடைத்தது 2008 நவம்பர் 26 இரவு. துப்பாக்கியும் குண்டுமாகக் கொலைகாரர்கள் புகுந்தனர். கூடங்களிலே பிணங்கள், மேல்மாடங்களிலே நெருப்பு. நூற்றுக்கணக்கான விருந்தினருக்கு எந்தக் கதவு எங்கே போகிறதென்றே தெரியாது. தெரிந்தவர் யார்? கரண்டி பிடித்தவர், தட்டு ஏந்தியவர், மெத்தை விரித்தவர்! பின்வாசல் அவர்கள் அன்றாடம் நடந்த வழி. ஓடியிருக்கலாம். வீட்டிலே மனைவி மக்கள் இல்லையா? மாதச் சம்பளத்தில் உயிருக்கும் சேர்த்தா கூலி கொடுத்தார்கள்? ஆனாலும் ஓடவில்லை, தோழர்களே! விளக்கணைத்து, கதவடைத்து, நடுங்கியோருக்குத் தண்ணீரும் கொடுத்துக் காத்தனர். சமையற்கட்டு வழியே விருந்தினரை வெளியேற்றுகையில், சமையற்காரர்கள் கைகோத்துச் சுவராக நின்றனர். அந்தச் சுவரின்மேல் குண்டு பாய்ந்தது.

ஓட்டலின் பொது மேலாளர் அதே கட்டிடத்தில் மனைவியையும் இரு மக்களையும் தீயிலே பறிகொடுத்தார். பறிகொடுத்தும், பணியைவிட்டு அகலவில்லை. சம்பளம் பெரிதாயினும் சிறிதாயினும் அன்று அங்கே வேலை செய்தோர் ஒரே சாதி!

மாண்டவர் 31 பேர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அங்கே பணிபுரிந்தவர்கள். அவர்களுக்கு உள்ளே நினைவுச் சின்னம் உண்டு. தங்க வருவோரில் எத்தனை பேர் அதன்முன் நிற்கிறார்கள்? பெட்டி தூக்கி வருபவர் நிற்க முடியாது, அவருக்கு வேலை. விருந்தினருக்கு என்ன அவசரமோ!

ஒரு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 21-இல் கோபுரப் பகுதியைத் திறந்தார்கள். கருகிய பழைய மாளிகை 2010 ஆகஸ்ட் 15-இல் திறந்தது. அந்த இரவிலே உயிர்தப்பிய சிப்பந்திகள் பலர், அதே சமையற்கட்டுக்குள், அதே பின்வாசல் வழியாக மீண்டும் வேலைக்கு வந்தனர்.