கொல்லையில் ஐந்து கோழிகள்

வடநாட்டு நகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் சிலவற்றுக்குக் கீழ்த்தளத்து வீடும், அதன் பின்னே ஒரு துண்டு நிலமும் வாய்த்திருக்கின்றன. அந்நிலத்தில் முதலில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று நடப்படும், பிறகு முருங்கை, பிறகு நான்கு பாத்தி கீரை. இவையெல்லாம் தழைத்த பின், ஐந்து கோழிகளும் வைத்துக்கொண்டால் என்ன என்னும் கேள்வி வீட்டில் எழுவது இயல்பு. முட்டையும் கிடைக்கும்; பிள்ளைகளுக்கு ஊர்ப்புறத்து வாழ்வின் சாயலும் கிடைக்கும். எண்ணம் நல்லதே. ஆயினும் கீரைப் பாத்திக்கும் கோழிக் கூட்டுக்கும் உள்ள வேற்றுமையை முன்னரே உணர்ந்துகொள்ளுதல் நலம். கீரை இரண்டு நாள் பொறுக்கும்; கோழி ஒரு நாளும் பொறாது.

விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும்; ஏறக்குறையக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஐந்து கோழிகளுக்கு மாதம் 15 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும். மீந்த சோறும் கீரைத்தண்டும் துணைத்தீனியேயன்றி முழுத்தீனி ஆகா. முட்டையை நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும். உடைந்த முட்டையை ஒருமுறை ருசி கண்ட கோழி, பிறகு தானே கொத்தி உடைத்துத் தின்னத் தொடங்கிவிடும்.

மாலை மங்கும்போது கோழிகள் தாமாகவே கூட்டை அடையும். அப்போது எண்ணிப் பார்த்துத் தாழிடுவது மனிதரின் வேலை. ஒரு மாலை தாழ்ப்பாளை மறந்தால் போதும். பூனைக்கோ கீரிப்பிள்ளைக்கோ அதுவே அழைப்பு. மறுநாள் காலையில் இறகுகளே எஞ்சியிருக்கும். வாரம் ஒருமுறை கூட்டைப் பெருக்கி, நனைந்த வைக்கோலை மாற்றி, மரச்சட்டங்களின் இடுக்குகளையும் உற்றுநோக்க வேண்டும். கோழிச் சிற்றுண்ணிகள் பகலில் அவ்விடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் வெளிப்பட்டு இரத்தம் குடிப்பவை.

தமிழகத்துப் பழக்கத்தை மட்டும் நம்பி வடக்கே கோழி வளர்ப்போர்க்கு இரண்டு வியப்புகள் காத்திருக்கின்றன. முதலாவது, குளிர்காலத்தில் முட்டை அருகிப்போவது. கோழி முட்டையிடுவது பகலொளியின் நீளத்தைப் பொறுத்தது. 14 மணி நேர ஒளி இருந்தால் நன்றாக இடும். டிசம்பர்க் கடைசியில் சென்னையில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். தில்லியிலோ 10 மணி 20 நிமிடம். அந்த ஒரு மணி நேரக் குறைவைக் கோழி உணரும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. வாடைக்காற்று வரும் பக்கத்தில் கோணிப்படுதா கட்டி, மேற்புறத்தில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, நாள் நீளும்வரை பொறுத்திருப்பதே முறை.

இரண்டாவது, கோடையின் அனற்காற்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். மே, ஜூன் மாதத்து நண்பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் இல்லையேல், காலையில் நலமாயிருந்த கோழி மாலைக்குள் மடிந்துவிடக் கூடும். காலையில் ஊற்றிய நீர் பகலுக்குள் சுட்டுப்போம். நண்பகலில் மீண்டும் ஒருமுறை மாற்ற ஆள் வேண்டும்.

நோய்களில் தலையாயது நம்மவர் வெள்ளைக் கழிச்சல் என்பது. நூல்களில் இதற்கு ராணிக்கேத் நோய் என்று பெயர். நம்மவர் பலர் கோடையில் உலாப்போகும் அதே குமாவூன் மலையூர்தான் இப்பெயரைத் தந்தது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் இடுவது வழக்கம். பறவைக் காய்ச்சலையும் மறத்தலாகாது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்து நவாப்பூரில் அது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, பண்ணைக் கோழிகளோடு சுற்றுப்புறத்து வீட்டுக் கோழிகளும் அழிக்கப்பட்டன. ஆதலால் காரணமின்றி இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்து இறந்தால், மறைத்துப் புதைக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு அறிவிப்பது கடமை.

இவையனைத்தையும் கற்றுக்கொள்ளலாம். நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு உரிய சிக்கல் வேறொன்று உண்டு. பள்ளி விடுமுறை விட்டதும் ஒரு மாதம் தமிழகத்துக்குப் புறப்படுகிறோம். கோழிக்கு ஆள் மிகுதியும் தேவைப்படும் மாதமும் அதுவே. அப்போது கூட்டைத் திறப்பவர் யார்?

'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து இரயிலேறுவது போதாது. அவர்கள் பஞ்சாபியராகவோ வங்காளியராகவோ இருக்கலாம். முட்டையைக் கையாலும் தொடாத வழக்கமுடையவராகவும் இருக்கலாம். முதலில் கேட்டறிவதே மரியாதை. இசைந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே காலையும் மாலையும் அவர்களை உடன் வைத்துக்கொண்டு வேலையைக் காட்ட வேண்டும். தீனிக்கு ஓர் அளவுக் குவளை, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், அம்மாத முட்டைகள் முழுவதும் அவர்களுக்கே என்னும் உறுதி ஆகியவற்றைக் கொடுத்துச் செல்ல வேண்டும். தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கினால் ஓடிவரும்படி கோழிகளைப் பழக்கியிருப்பதும் நல்லது. கூரையேறிக் கோழி பிடிப்பது எத்தகைய வேலை என்பது பழமொழி சொன்னவர்க்குத் தெரிந்தே இருந்தது. அதனை அண்டை வீட்டு அம்மாளுக்கு விட்டுச் செல்வது முறையன்று. ஒரே குடியிருப்பில் இரு தமிழ்க் குடும்பங்கள் கோழி வளர்ப்பின், ஒரு வீட்டார் மே மாதத்திலும் மற்றவர் ஜூன் மாதத்திலும் ஊர் சென்று, ஒருவர்க்கொருவர் துணையாகலாம்.

வேலை மாற்றல் உத்தரவு வரும் நாளையும் எண்ண வேண்டும். கோழி ஆறேழு ஆண்டுகள் வாழக் கூடியது. நன்றாக முட்டையிடுவதோ முதல் இரண்டு மூன்று ஆண்டுகளே. அதன்பின் அதனை வைத்துக் காப்பதா, பிறர்க்குக் கொடுப்பதா, அடுப்பேற்றுவதா என்பதைப் பெரியவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்து, பிள்ளைகளுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெயரிட்டு அழைத்த கோழி ஒருநாள் திடீரெனக் காணாமற் போவதைப் பிள்ளை மனம் எளிதில் மன்னிப்பதில்லை.

வரவு செலவும் பார்ப்போம். நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். ஐந்து கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை என்பதே சராசரி. ஐதராபாத்துக் கோழி ஆராய்ச்சி நிறுவனம் கொல்லைப்புற வளர்ப்புக்கென்று உருவாக்கிய வனராஜா போன்ற இனங்கள் இதனினும் மிகுதியாக இடும். எனினும் ஆதாயம் மட்டும் கருதுவோர் கடையில் வாங்குவதே மேல். ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு மாலையிலும் ஓர் உயிர் தம்மை எதிர்பார்த்திருப்பதைச் சுமையெனக் கருதாதவர்களுக்கே இவ்வளர்ப்பு ஏற்றது.

அத்தகையோர் மழை ஓய்ந்த ஐப்பசியில் தொடங்கலாம். குடியிருப்பின் விதி இடந்தருகிறதா என்று முதலில் கேட்டறிக. கோழி வாங்குமுன் கூட்டைக் கட்டுக. கூட்டைக் கட்டுமுன், மே மாதத்தில் அதன் தாழைத் திறக்கப்போகும் கை எவருடையது என்பதை உறுதி செய்துகொள்க.