தோமானைத் தண்ணீரில் விடுங்கள், பாஸை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்: ஈயக் குட்டையில் தூண்டில் போடுவோருக்குச் சில செய்திகள்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் பத்து காஜா, கம்பார், தஞ்சோங் துவாலாங் பக்கமுள்ள பழைய ஈயக் குட்டைகளின் ஓரம் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் மூங்கில் கோலும் பால் டப்பாவில் மண்புழுவுமாகத் தோட்டத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் இவை. இப்போது வருகிறவர்களில் பலர் இளைஞர்கள். கையில் ரீல் பூட்டிய மெல்லிய ரோட், இடுப்புப் பையில் ரப்பர் தவளையும் பளபளக்கும் தகடும். இவர்களிடம் புழுவும் இல்லை, மிதப்பானும் இல்லை. வீசுவது, இழுப்பது, நாலடி நடப்பது, மறுபடி வீசுவது. இதைத்தான் ‘காஸ்டிங்’ என்கிறார்கள்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, மீன் சேர்ந்தது. சிலாங்கூரிலும் இப்படிப்பட்ட குட்டைகள் நிறைய உண்டு. காஸ்டிங் போடுகிறவர்கள் அங்கே தேடி வருவது முக்கியமாக இரண்டு மீன்களை. ஒன்று தோமான், நம் விராலுக்கு அண்ணன், இந்த மண்ணிலேயே பிறந்த மீன். மற்றொன்று பீக்காக் பாஸ்; வாலடியில் மயில் பீலிக் கண் போல ஒரு புள்ளி, உடம்பில் கறுப்புப் பட்டைகள். பாஸ் என்று பெயர் இருந்தாலும் அமெரிக்கர்கள் போட்டி வைத்துப் பிடிக்கும் பாஸுக்கும் இதற்கும் உறவில்லை. இது திலாப்பியாவின் குடும்பம். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆறுகள்.

எதை வாங்குவது?

முதல் முறை கடைக்குப் போகிறவர் செய்யும் தவறு, ஒரே ரோட்டை வைத்து எல்லா மீனையும் பிடித்துவிடலாம் என்று நினைப்பது. பாஸ் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு உட்பட்டதாகத்தான் கிடைக்கும். அதற்கு 6 அடி அல்லது 6.5 அடி நீளத்தில், 6 முதல் 12 பவுண்டு என்று எழுதிய ரோட் போதும். 2000 அல்லது 2500 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், 15 பவுண்டு பின்னல் நூல், நுனியில் ஒரு முழம் 20 பவுண்டு லீடர் நரம்பு. பெயர் பெற்ற ஜப்பான் சாமான்தான் வேண்டும் என்பதில்லை. பழகும்வரை நடுத்தரச் சாமானே போதும். மிச்சப் பணத்தை நல்ல நூலில் போடலாம், ஏனென்றால் மீன் பெரும்பாலும் நூலிடம்தான் தப்பிக்கிறது.

தோமானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மீன் அது. வாயில் பல் இருக்கிறது. இரையைக் கவ்வியதும் நேராகத் தாமரைக்கொடிக்கும் முங்கிக் கிடக்கும் மரக்கட்டைக்கும் ஓடும். 12 முதல் 25 பவுண்டு ரோட், 40 அல்லது 50 பவுண்டு பின்னல் நூல், அதைவிடத் தடித்த லீடர் வேண்டும். மெல்லிய நூலில் தோமானைப் பிடிப்பதுதான் திறமை என்று சிலர் பெருமை பேசுவார்கள். நூல் அறுந்தால் வாயில் முள்ளோடு அலையப் போவது மீன்தான்.

ரீலின் டிராக்கை முழுக்க இறுக்கி வைப்பதும் புதியவர்களின் பழக்கம். நூல் தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இழுத்தால் நழுவும்படி வைக்க வேண்டும். வீட்டிலேயே நூல் நுனியை ஒரு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துவிடலாம்.

போலி இரையை மலாய்க்காரர்கள் ‘கெவாங்’ என்பார்கள். கடையில் நூறு நிறத்தில் தொங்கும். பாதி நிறம் வாங்குகிறவரைப் பிடிப்பதற்காக என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். வெளிச்சம் வந்த பிறகுதான் சுறுசுறுப்பாகும், இரவில் அடங்கிவிடும். 5 முதல் 7 சென்டிமீட்டர் அளவில் சிறு மீன் வடிவக் கெவாங் இரண்டு, பளபளக்கும் ஸ்பூன் ஒன்று, வாலாட்டும் ரப்பர் மீன் ஒரு பாக்கெட் போதும். மெதுவாக இழுப்பதைவிட வேகமாக இழுத்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி இழுத்தால்தான் துரத்தும்.

தோமானுக்கு ரப்பர் தவளை. அதன் முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் புல்லிலும் தாமரை இலையிலும் மாட்டாது. தோமான் மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன். தண்ணீர் ‘பொளக்’ என்று உடைவதைப் பார்த்ததும் அதன் தலையில் போடாமல், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வீசிப் பக்கமாக இழுத்து வர வேண்டும். தவளை மறைந்ததும் பதறி இழுத்தால் வெறும் தவளைதான் பறந்து வரும். ஒரு மூச்சு பொறுத்து, நூல் இறுகிய பிறகு இழுக்க வேண்டும்.

சிவப்புக் குஞ்சுகள்

இனிச் சொல்வதுதான் முக்கியமான செய்தி. குட்டையில் சில நேரம் தண்ணீர் கொதிப்பது போலச் சின்னச் சின்னக் குமிழிகள் கூட்டமாக எழும். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் சிவந்த குஞ்சுகள் மேலே வந்து காற்று வாங்கிப் போவது தெரியும். அவை தோமான் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் எதைப் போட்டாலும் பெற்ற மீன் பாய்ந்து அடிக்கும். பசியில் அல்ல, குஞ்சைக் காப்பதற்காக.

பெரிய தோமான் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதனால்தான் பலர் குஞ்சுக் கூட்டத்தையே தேடி அலைகிறார்கள். ஆனால் காவல் மீனைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளைச் சூழ்ந்துகொள்ளும். சாக்கில் போவது ஒரு மீனல்ல, ஒரு தலைமுறை. குஞ்சோடு இருக்கும் தோமானுக்கு வீசாமல் இருப்பதே முறை. தெரியாமல் பிடிபட்டால் உடனே, அதே இடத்தில், படம்கூட எடுக்காமல் விட்டுவிட வேண்டும். விராலுக்கும் இதே நியாயம்தான். அதுவும் குஞ்சைக் காக்கும் மீன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பிள்ளை பெற்ற பிறகும் விரால் சூப் வைத்துக் கொடுக்கும் வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நாளைக்கும் அது கிடைக்க வேண்டுமே.

பாஸ் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். வளர்ப்பு மீனாக வந்ததும், பிடித்து விளையாடவென்று குட்டைகளில் விடப்பட்டதுமாக இது இங்கே பரவியது. பனாமாவின் காட்டூன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் இது நுழைந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த சிறு மீன் வகைகள் பல காணாமல் போனதை 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. நம் குட்டையிலும் அது தின்பது இங்குள்ள சிறு மீன்களைத்தான்.

ஆனால் நடப்பது என்ன? ‘பிடித்து விடுவதே நாகரிகம்’ என்று வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்துவிட்டு, பாஸை முத்தமிட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள். தோமானைக் கிலோக் கணக்கில் சாக்கில் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் அது சரி. அவர்கள் விடுவது அவர்கள் மண்ணின் மீனை. இங்கே விட வேண்டியது தோமானையும் செபாராவையும். கொண்டுபோக வேண்டியது பாஸை. அதை உயிரோடு எடுத்துப் போய் வேறு குட்டையில் விடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

விடுகிற மீனைக் கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். உலர்ந்த கையும் சூடான செம்மண்ணும் அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முள்ளின் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் குட்டி முள்ளை முன்கூட்டியே பிளையரால் நசுக்கி வைத்தால், மீன் வாயிலிருந்தும் எளிதாக வரும், நம் விரலில் ஏறினாலும் எளிதாக வரும்.

குட்டைக்கும் ஆள் உண்டு

எல்லாக் குட்டையும் பொதுக் குட்டை அல்ல. மாலிம் நாவார் பக்கம் பல குட்டைகள் மீன் வளர்ப்புக்கு உரியவை. காற்றடிக்கும் இயந்திரம் சுழன்றாலோ வலை கட்டியிருந்தாலோ அது ஒருவருடைய சோறு. தோட்டத்துக்குள் போவதென்றால் ஜாகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார், வேலியை நெம்பிப் போனவரைத்தான் விரட்டுவார்.

முன்பே ஒருவர் நின்று வீசிக்கொண்டிருந்தால், அவர் நூல் விழும் பக்கம் குறுக்கே வீசக்கூடாது. ‘அண்ணே, இந்தப் பக்கம் போடலாமா?’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றால் சண்டைக்கு இடமில்லை. நண்பர் நம்பிக் காட்டிய ‘போர்ட்’டை முகநூலில் இடப்பெயரோடு போடுகிறவரை அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பது கட்டாயம். மும்முனை முள் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் உயரத்தில்தான் பறக்கிறது. அறுந்த நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னல் நூல் மக்காது. கொக்கும் உடும்பும் அதில் மாட்டித்தான் சாகின்றன.

ஈயக் குட்டையின் ஓரத்தை நம்பக்கூடாது. தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் ஈயக் கப்பலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பெரிய இயந்திரம் மிதந்துகொண்டே அடியைத் தோண்டியிருக்கிறது. முழங்கால் தண்ணீர் இரண்டே எட்டில் ஆள் முழுகும் ஆழமாகும், கரை மணலும் சரியும். மாட்டிய கெவாங்கை எடுக்க இறங்காதீர்கள்; இருபது ரிங்கிட் போனால் போகட்டும். இடி கேட்டால் ரோட்டைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள், கார்பன் ரோட் மின்சாரத்தை வாங்கும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் வீசவே வேண்டாம்.

ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் போடுகிறவர்களுக்குச் சட்டம் வேறு. பெடோக், லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களிலும் பாஸ் உண்டு. ஆனால் பலகை வைத்துக் குறித்த இடத்தில்தான் போடலாம். போலி இரை மட்டும்தான், புழு கூடாது. மீறினால் அபராதம்.

கொண்டுவந்த பாஸை என்ன செய்வது? வெள்ளைச் சதை, முள் குறைவு. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் நன்றாக இருக்கும். புளிக் குழம்பில் விரால் அளவுக்கு நிற்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: ஈயச் சுரங்க மண்ணில் ஆர்சனிக் போன்றவை தங்கியிருக்கக்கூடும். அதனால் சுரங்கக் குட்டை மீனை வாராவாரம் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்காமலிருப்பது நல்லது. சாப்பிட விருப்பமில்லாதவர்கள் மீனை வாழைக்கும் தென்னைக்கும் அடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம், கரையில் வீசி நாறவிட வேண்டாம்.