குளியலறைத் தரைக்குக் கீழே

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில் வீடு கட்டுவோர் வானம் தோண்டும்போது கெட்டித் தரை எட்டும்வரை இறங்குகின்றனர். குளியலறைக்கு வரும்போதோ, தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டி, அதன்மேல் கழிவுக் குழாயைப் படுக்கவைத்து, ஓடு பதித்து மூடிவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியும் ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மதுரை வரை செல்கிறோம்; தெரியாத குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கரிசலின் குணத்தை இவ்வூர் உழவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் ஈரம் குடித்துப் பருக்கும். சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஆழ்ந்த அடித்தளத்தின்மேல் சுவர் அசையாது நிற்க, அதைத் துளைத்துச் செல்லும் குழாயின் மறுபாதி மண்ணோடு ஏறி இறங்குகிறது. ஆதலால் முறிவை முதலில் தேடவேண்டிய இடம் சுவரை ஒட்டிய பகுதியே.

சென்ற கோடையில் எம் பங்கின் ஓர் இல்லத்தில் தரையை உடைத்தபோது உடனிருந்தேன். பசை தடவாமல் வெறுமனே செருகிய எல்போ. வெளிப்புறம் சரியவேண்டிய வாட்டம் அறைப்பக்கமே சரிந்த குழாய். நஹானி டிராப் இல்லாத வடிகால். குடிநீர்க் குழாயும் அதே பள்ளத்தில், கழிவுக் குழாயைத் தொட்டபடி கிடந்தது. அவ்வீட்டுத் தாய் மாதக்கணக்காக அந்நாற்றத்தைப் பினாயிலால் அடக்க முயன்றிருந்தார்!

நாற்றம் சிறிய தொல்லை. பெரிய ஆபத்து குடிநீரில் உள்ளது. இடைவெளி விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில், வரத்து நின்று குழாய் வெறுமையாகும்போது சுற்றியுள்ள கழிவுநீரை விரிசல் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1955-56இல் தில்லியில் கழிவுநீர் குடிநீரோடு கலந்தபோது ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையுற்றனர். நகரளவில் நேர்ந்த அக்கேடு ஒரு வீட்டளவிலும் நேரக்கூடியதே.

டிராப்பின் வளைவில் எப்போதும் சிறிது நீர் நின்று, கழிவுக் காற்றைத் தடுக்கிறது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோரைப் பற்றியதற்கு, குளியலறை வடிகால்களில் அந்நீர் வற்றியிருந்ததும் ஒரு காரணம் என ஆய்வாளர் கண்டனர். நம் கோடையில், பிள்ளைகள் வெளியூரில் வாழ, பூட்டிக் கிடக்கும் குளியலறைகள் எத்தனை! வாரம் ஒரு செம்பு நீர் ஊற்றினால் போதும்.

ஐயமுள்ளவர்கள் இரவு எல்லாக் குழாய்களையும் அடைத்து, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால் குடிநீர்க் குழாயில் கசிவு உண்டு. சுவரடியில் உப்புப் பூத்தலும், தட்டினால் பொள்ளென ஒலிக்கும் ஓடும் தரையடி ஈரத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். பழைய ஓட்டின்மேல் புதிய ஓடு ஒட்டுவது நோயைப் போர்வையால் மூடுவதாகும். செலவானாலும் உடைப்பதே நலம். கரிசலை அகற்றி மணல் பரப்பி, நாற்பதடிக்கு ஓரடி வாட்டம் வைத்து, குடிநீர்க் குழாயை வேறு வழியில் உயரத்தில் கொண்டு செல்லவேண்டும். சுவரைக் கடக்குமிடத்தில் பெரிய குழாய்த் துண்டொன்றை உறையாகச் செருகினால், உள்ளிருக்கும் குழாய்க்கு அசைய இடமிருக்கும்.

குழாய் பதித்தவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. மறுநாளே தளம் போடக் கொத்தனார் வந்து நிற்கிறார். சோதனைக்கென ஒரு நாள் கூலி தர வீட்டுக்காரர் தயங்குகிறார். அந்த ஒரு நாளைக் கொடுங்கள். கழிவுக் குழாயின் கடைவாயை அடைத்து நீர் நிரப்பி, மட்டம் இறங்காதது கண்டபின் மூடுங்கள். மூடுமுன் குழாய் செல்லும் வழியைத் தாளில் வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்றும் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.