திருத்தணி டு கர்தார்பூர்: கோயில் ஊர்க் குழந்தைகளுக்கு எல்லைக்கோடு என்ன செய்யும்?

திருத்தணிக்குப் போயிருக்கீங்களா? போயிருந்தா, உங்களுக்கு அது ஒருநாள் ட்ரிப். காலையில சென்னையில கிளம்பி, சுமார் 85 கிலோமீட்டர் போய், முருகனைப் பார்த்துட்டு, சாயங்காலமே வீடு திரும்பிடலாம்.

ஆனா, அந்த மலையடிவாரத்துலயே பிறந்து வளர்ற குழந்தைக்கு? அதுக்கு மலைங்கிறது ஜன்னலைத் திறந்தா தெரியுற விஷயம். நமக்கெல்லாம் பக்தியா அறிமுகமாகுற இடம், அந்தக் குழந்தைக்குப் பழக்கமா அறிமுகமாகுது. கோயில் ஊர்ல வளர்ந்த யார்கிட்ட பேசினாலும் இந்த வித்தியாசம் தெரியும். சரி, திடீர்னு ஒருநாள் அந்தப் பழக்கமான இடத்துக்கு 'இனிமே நீ போக முடியாது'ன்னு யாராவது சொன்னா என்ன ஆகும்? இந்தியாவுல அப்படி ஒரு தலைமுறையே இருந்தது. அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

365 படிகள்

முருகனின் அறுபடை வீடுகள்ல ஐந்தாவது, திருத்தணி. மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி மத்த ஊர்ல கேக் வெட்டிக்கிட்டு இருக்கும்போது, இங்கே ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்தி, திருப்புகழ் பாடிக்கிட்டே மேலே ஏறுவாங்க. ஆங்கிலப் புத்தாண்டு அன்னிக்கு வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்த்து வாழ்த்து சொல்லப் போறதுக்குப் பதிலா, முருகனைப் பார்க்க வாங்கன்னு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவெச்ச திருப்படித் திருவிழா இது. ஆடிக் கிருத்திகை வந்தா லட்சக்கணக்குல கூட்டம், புஷ்பக் காவடி, சரவணப் பொய்கையில குளியல், தெருவெல்லாம் 'அரோகரா'.

இந்த ஊர்க் குழந்தைக்கு காலண்டர் வேற, திருவிழா வேற இல்லை. முகம் தெரியாத ஆயிரம் பேர் நம்ம தெருவுல நடந்து போறதும், அதுல பாதிப்பேர் தெலுங்குல பேசுறதும் சாதாரணம். ஏன்னா, ஆந்திர எல்லை ரொம்பப் பக்கம். அந்தப் பக்கம் நகரி, இந்தப் பக்கம் திருத்தணி. இங்கே பல வீடுகள்ல இரண்டு மொழியும் ஓடும்.

கோடு நகர்ந்தது, மக்கள் நகரலை

எல்லை பக்கம்னு சொன்னேன் இல்லையா? அந்த எல்லை எப்பவும் இப்போ இருக்கிற இடத்துல இருக்கலை. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் உருவானப்போ, சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போயிடுச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் மாதிரியானவங்க வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினாங்க, சிறைக்குப் போனாங்க. படாஸ்கர் பரிந்துரைப்படி 1959-ல நாடாளுமன்றத்துல சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. பதிலுக்கு இங்கிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போச்சு.

கவனிச்சுப் பாருங்க. ஏழு வருஷத்துக்குள்ள ஒரு ஊர் ரெண்டு தடவை மாநிலம் மாறியிருக்கு. ஆனா, அங்கே இருந்த எந்தக் குழந்தையும் வீட்டை விட்டு ஓட வேண்டி வரலை. தமிழ் பேசுற வீடும் தெலுங்கு பேசுற வீடும் அதே தெருவுல இருந்தது. படியேற பாஸ்போர்ட் யாரும் கேட்கலை. திருத்தணி இங்கே வந்துச்சு, திருப்பதி அங்கேயே இருக்கு. இன்னிக்கும் ரெண்டு மலைக்கும் ஒரே ட்ரிப்ல போறோம்.

இதே திருத்தணியில 1888-ல பிறந்தவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். தெலுங்கு பேசுற குடும்பம். சின்ன வயசுல படிப்பு திருத்தணியில, அப்புறம் திருப்பதியில. அதாவது, குழந்தைப் பருவம் முழுக்க ரெண்டு புண்ணியத் தலங்கள். அந்தப் பையன் வளர்ந்து குடியரசு துணைத்தலைவரா இருந்தப்போ, 1960-ல யுனெஸ்கோ ஆதரவுல சீக்கியர்களின் புனிதப் பாடல்களோட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒண்ணு வெளிவந்தது. அதுக்கு முன்னுரை எழுதினது அவர்தான். திருத்தணி நம்ம பக்கம் வந்த அதே வருஷம்!

அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த சீக்கியக் குழந்தைகளோட எல்லைக் கதை, திருத்தணிக்கு நேர் எதிர்.

கோடும் நகர்ந்தது, மக்களும் நகர்ந்தாங்க

குருத்வாரா பக்கத்துல வளர்ற சீக்கியக் குழந்தைக்கும் அந்த இடம் பழக்கமாத்தான் அறிமுகமாகும். லங்கர்னு சொல்ற பொதுச் சமையல்கூடத்துல ரொட்டி தேய்க்கிறது, தட்டு கழுவுறது, வாசல்ல வர்றவங்க செருப்பை வாங்கி வைக்கிறது, இதெல்லாம் சேவை. சின்னப் பசங்களும் செய்வாங்க. சாமி கும்பிடக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே, தெரியாதவங்களுக்குச் சாப்பாடு போடக் கத்துக்கிறாங்க.

1947-ல பஞ்சாப் ரெண்டாச்சு. குரு நானக் பிறந்த நன்கானா சாஹிப் பாகிஸ்தான் பக்கம் போச்சு. அவர் கடைசி 18 வருஷம் வாழ்ந்து, 1539-ல மறைந்த கர்தார்பூரும் போச்சு. அந்த ஊர்கள்ல வளர்ந்த சீக்கியக் குழந்தைகள் கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு, குடும்பத்தோட இந்தப் பக்கம் வந்தாங்க. பழக்கமான இடம் ஒரே மாசத்துல வெளிநாடு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் மனசைப் பிசையுற விஷயம். சீக்கியர்கள் தினமும் சொல்ற பொதுப் பிரார்த்தனைக்கு அர்தாஸ்னு பேர். பிரிவினைக்கு அப்புறம் அதுல ஒரு வேண்டுதல் புதுசா சேர்ந்தது. எங்ககிட்ட இருந்து பிரிஞ்சுபோன நன்கானா சாஹிப்பையும் மத்த குருத்வாராக்களையும் தடையில்லாம தரிசிக்கிற வரம் கொடுன்னு கேட்கிறாங்க. 75 வருஷத்துக்கும் மேல ஆச்சு, இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. சென்னை தி.நகர் ஜி.என்.செட்டி சாலை குருத்வாராவுக்குப் போனாலும் அர்தாஸ்ல அந்த வேண்டுதல் இருக்கும். அங்கே நிக்கிற இன்னிக்குக் குழந்தை அந்த ஊரைப் பார்த்தே இருக்காது. ஆனாலும் அந்த ஏக்கம் அதுக்கும் வந்து சேருது.

நாலரை கிலோமீட்டர்

கர்தார்பூர் எவ்வளவு தூரம் தெரியுமா? எல்லையில இருந்து சுமார் நாலரை கிலோமீட்டர்தான். நம்ம ஊர்ல ஷேர் ஆட்டோ தூரம்! இந்தியப் பக்கம் தேரா பாபா நானக் ஊர்ல மேடை கட்டி பைனாகுலர் வெச்சிருந்தாங்க. பல வருஷம் அதுவழியா வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டுத் திரும்புவாங்க.

2019 நவம்பர் 9-ம் தேதி, குரு நானக்கின் 550-வது பிறந்தநாளை ஒட்டி, விசா இல்லாம போய் வர ஒரு பாதை திறந்தாங்க. காலையில போய் சாயங்காலம் திரும்பிடணும். முதல் குழுவுல போனவங்கள்ல முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஒருத்தர். அவரே பாகிஸ்தான் பக்கம் போயிட்ட ஒரு கிராமத்துல பிறந்து, பிரிவினையில அமிர்தசரஸ் வந்தவர். அப்போ அவருக்கு வயசு 87.

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கலை. 2020 மார்ச்ல கொரோனாவால பாதை மூடுச்சு, 2021 நவம்பர்ல திறந்தாங்க. 2025 மே மாசம் ரெண்டு நாட்டுக்கும் மோதல் வந்தப்போ இந்தியா மறுபடியும் நிறுத்திடுச்சு. அரசியல் சூடானா முதல்ல மூடுறது அந்த நாலரை கிலோமீட்டர்தான்.

நமக்கும் இது புதுசில்லை

பஞ்சாப் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. யாழ்ப்பாணத்துல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இருக்கு. அதுவும் முருகன் கோயில்தான். 1990-ல போர் காரணமா வலிகாமம் வடக்கு மக்கள் மொத்தமா இடம்பெயர்ந்தாங்க. ஊரே உயர் பாதுகாப்பு வலயமா ஆச்சு. கோயில் மணிச் சத்தத்துல எழுந்த குழந்தைகள், முகாம்லயும் வெளிநாட்டுலயும் வளர்ந்து பெரியவங்களானாங்க.

கோயில் ஊர்ல வளர்ற குழந்தைக்குக் கிடைக்கிற பெரிய விஷயம் பக்தி மட்டும் இல்லை. யார்கிட்டயும் கேட்காம, தோணுறப்போ படியேறிப் போற உரிமை. கையில இருக்கிறவரைக்கும் அது உரிமைன்னே தெரியாது. திருத்தணிக் குழந்தைக்கு அது கடைசிவரை இருந்தது. கர்தார்பூர்க் குழந்தைக்கும் மாவிட்டபுரம் குழந்தைக்கும் அது பறிபோச்சு.

உங்க வீட்டுல 70 வயசைத் தாண்டின தாத்தாவோ பாட்டியோ இருந்தா, போனை வெச்சுட்டு இதை ஒருதடவை கேட்டுப் பாருங்க: "சின்ன வயசுல நினைச்சப்பல்லாம் போன கோயில் எது? இப்போ போகணும்னு தோணுதா?" கோயிலா இல்லைன்னாலும் பரவாயில்லை, மசூதி, சர்ச், குளத்தங்கரை எதுவா வேணாலும் இருக்கட்டும். போக முடியுற தூரத்துல இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிட்டுப் போங்க.

ரோடு திறந்துதானே இருக்கு!