பூட்டிய களஞ்சியமும் அதன் திறவும்

கணினி நிரல் எழுதுவோர் தாம் காலந்தோறும் செய்யுந் திருத்தங்களை வரிசைப்படப் பேணுதற்குக் கையாளுங் கருவிகளுள் 'கிற்' என்பது தலையாயது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். பணியின் முழு வரலாறும் அப்பணிக் கோப்புறையினுள்ளேயே '.கிற்' என்னும் மறைகோப்புறையில் அடங்கியிருத்தல் இதன் சிறப்பியல்பாம்.

பழைய வட்டிலுள்ள களஞ்சியத்தைப் புதிய கணினியில் திறக்க முயல்வார்க்குச் சிலவேளை, 'உரிமை ஐயத்திற்குரியது' என்னும் மறுப்பே விடையாகக் கிடைக்கும். வரலாறு அழிந்ததென மயங்கி, மறைகோப்புறையை நீக்கிப் புதிதாகத் தொடங்குதல் ஏட்டைக் கறையானுக்கு இடுதலை ஒக்கும்.

மறுப்பின் காரணம் யாது? லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் கோப்பின் உரிமையாளரை எண்ணாலேயே குறித்து வைக்கும். பழைய கணினியில் 1000 என்னும் எண் பெற்றவர் புதியதில் 1001 ஆயின், பிறராகவே கருதப்படுவார். களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பு வேறு கட்டளைகளை இயக்கவும் வல்லது. ஆதலின் பிறர் வைத்த களஞ்சியம் தீங்கு விளைக்கலாம். அதனைத் தடுத்தற்கே 2022 ஏப்பிரலில் இக்காவல் ஏற்படுத்தப்பட்டது.

எனவே, முதற்கண் கோப்புறை முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். அது தம்முடையதே எனத் தெளிந்தபின், கோப்புகளின் உரிமையைத் தமக்கு மாற்றலாம், அன்றி, 'சேஃப்.டைரக்டரி' என்னும் அமைப்பில் அவ்வொரு கோப்புறையின் முழுப்பாதையைச் சேர்க்கலாம். அவ்விடத்து உடுக்குறியிட்டு யாவற்றையும் நம்புதல் காவலையே நீக்குவதாம். இறுதியில் 'கிற் எஃப்.எஸ்.சி.கே.' என்னுங் கட்டளையாற் பதிவுகளின் செம்மையைச் சோதித்தல் நன்று.

கதவு சாத்தியிருத்தல் கொண்டு களஞ்சியம் வெறிதாயிற்று எனல் பொருந்தாது.