கல்லுக்குக் காவல் உண்டு, கைக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் பேருந்து நிலையத்திலே நின்று பார்த்தால் தெரியும், மாமல்லபுரத்துக்கு எத்துணைக் கூட்டம் என்று! ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் பிள்ளைகளைத் தோளிலே தூக்கிக்கொண்டு புறப்படுகிறான். காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். கடற்கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். கற்கோயிலைக் காண்கிறான், கடலில் கால் நனைக்கிறான், மனைவிக்கு ஒரு பாசிமணி, மகளுக்கு ஒரு சங்கு, தனக்கு ஒரு தேநீர் வாங்குகிறான். மாலையில் வீடு திரும்புகிறான், மனம் நிறைந்து.

அவன் மனம் நிறைந்தது. சரி. அந்தப் பாசிமணி விற்றவள் வயிறு நிறைந்ததா? அதை யார் கேட்பது?

நாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு என்பதனால் கேட்கிறோம்.

மாமல்லபுரம் என்றால் மன்னர் பெயரைச் சொல்கிறார்கள். மகேந்திரன் என்கிறார்கள், நரசிம்மன் என்கிறார்கள், இராஜசிம்மன் என்கிறார்கள். மறுக்கவில்லை நாம். ஆனால் பக்கத்திலே பூஞ்சேரி இருக்கிறதே, அங்கே ஒரு பாறை இருக்கிறது. அதிலே பல்லவர் கால எழுத்திலே சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், கொல்லன் சேமகன்! யார் இவர்கள்? பட்டம் தரித்தோரா? பரிவாரம் சூழ வந்தோரா? அல்ல, அல்ல! உளி பிடித்தவர்கள்! உளிக்குக் கூர் தீட்டிய கொல்லனும் அவர்களில் ஒருவன்! கோயிலிலே இடம் கிடைக்கவில்லை, ஊருக்கு ஒதுக்குப்புறத்துப் பாறையிலே பெயரைப் பொறித்துவிட்டுப் போனார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை என்ன? கோயில் ஊருக்கு நடுவே, உழைப்பவன் ஊருக்கு ஒதுக்குப்புறத்திலே! மாறியது மன்னர் பெயர், மாறாதது உழைப்பவன் நிலை!

2019 அக்டோபர் 11, 12 நாட்களை நினைத்துப் பாருங்கள். சீன நாட்டு அதிபர் ஷி ஜின்பிங் வந்தார், இந்தியப் பிரதமர் மோடி வேட்டி கட்டி வரவேற்றார். அர்ச்சுனன் தபசைக் கண்டனர், வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன் கைகோத்து நின்றனர், ஐந்து ரதங்களைச் சுற்றினர், கடற்கரைக் கோயிலின் முன் கலை நிகழ்ச்சி கண்டனர். தமிழன் கட்டிய கலையை உலகம் கண்டது. மகிழ்ந்தோம். மறைப்பானேன்?

ஆனால் அந்தப் படங்களிலே எது இல்லை என்று யாரேனும் பார்த்தார்களா? சாலையோரக் கடை இல்லை! தள்ளுவண்டி இல்லை! இளநீர்க்காரன் இல்லை! கடலிலே படகு இல்லை! கடைகளை அகற்றினார்கள், மீனவனைக் கடலுக்குப் போகாதே என்றார்கள், சுற்றுலாப் பயணியை வராதே என்றார்கள். விருந்தாளி வரும்போது வீட்டைப் பெருக்குவது வழக்கம்தான். குப்பையைப் பெருக்கலாம், குடும்பத்தையுமா பெருக்குவது?

மறுநாள் காலை கோவளம் கடற்கரையிலே பிரதமர் குப்பை பொறுக்கினார், படம் எடுத்தார்கள், பத்திரிகைகள் போற்றின. குப்பை பொறுக்குவது குற்றமல்ல, நல்ல காரியம். ஆண்டு முழுவதும் அதே வேலையைச் செய்கிறார்களே தூய்மைப் பணியாளர்கள், அவர்களை எந்தப் படத்திலே போட்டார்கள்?

விருந்து முடிந்தது. ஊருக்குக் கிடைத்தது என்ன? அதே மாதத்திலே வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்க்கவும் கட்டணம் வந்தது, தலைக்கு 40 ரூபாய்! வெளிநாட்டார்க்கு 600 ரூபாய்! நேற்றுவரை ஆடு மேய்ப்பவனும் சாய்ந்து நின்ற பாறை, அதிபர் தொட்டதும் சீட்டு வாங்கிப் பார்க்கும் பாறையாகிவிட்டது! அந்தப் பணம் தில்லியின் தொல்லியல் துறைக்கு. பயணி போட்டுவிட்டுப் போகிற குப்பையோ உள்ளூர் மன்றத்துக்கு! வரவு வடக்கே, செலவு தெற்கே! புதிய கதையா இது? நாம் பல காலமாகப் படித்துவரும் பாடம்தானே!

கூட்டம் குறைவோ என்றால் அதுவும் இல்லை. 2021-22ஆம் ஆண்டிலே மாமல்லபுரத்துச் சின்னங்களைக் காண வந்த வெளிநாட்டார் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு வந்தோர் 38,922 பேர் என்று இந்திய அரசின் சுற்றுலாத் துறையே கணக்குத் தந்தது. கொரோனாவினால் உலகப் பயணம் முடங்கிக் கிடந்த ஆண்டு அது என்பதை மறந்துவிட வேண்டாம். எனினும், தாஜ்மகாலை முந்திய ஊர் என்று மார்தட்டினோமே, அந்த ஊரின் தரைக்கடைக்காரனுக்கு உட்கார ஓர் அடையாளச் சீட்டு உண்டா என்று கேட்டோமா?

வாணிபத்தை விடுங்கள். வீட்டின் கதை என்ன? தொல்லியல் சின்னங்களைக் காக்க 1958இல் ஒரு சட்டம் வந்தது. 1992 சூன் 16இல் ஓர் அறிவிக்கை வந்தது. 2010இல் திருத்தம் வந்து, பிடி இறுகிற்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்! தில்லியிலோ ஆக்ராவிலோ ஒரு சின்னம் ஒரு மூலையிலே நிற்கும், வட்டம் போட்டால் வட்டம் தெரியும். மாமல்லபுரத்திலே ஊரெல்லாம் சின்னம்! வட்டத்தின்மேல் வட்டம் விழுந்து, ஊரே வட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. தாத்தா கட்டிய வீட்டிலே பேரனுக்கு ஓர் அறை சேர்க்க வழியில்லை. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் மனுப்போட வேண்டும்.

கல்லைக் காக்க வேண்டாம் என்கிறோமா? கிடையாது! அது நம் பாட்டன் சொத்து. 1984இல் உலக மரபுச் சின்னம் என்று யுனெஸ்கோ ஏற்றபோது பெருமைப்பட்டவர்கள் நாம். ஆனால் அதே சட்டம் வேறொன்றும் சொல்கிறதே! ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே மரபுத் துணைவிதிகள் வகுக்க வேண்டும், எங்கே எவ்வளவு உயரம், எவ்வகைக் கட்டடம் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறதே! தடையை எழுதிய மை உலர்வதற்குள் அமல் செய்யத் தெரிந்தவர்களுக்கு, வழியை எழுதச் சொன்ன வரி மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? அதைத்தான் கேட்கிறோம்.

சிற்பியின் நிலையைப் பார்ப்போம். 1957இல் மாமல்லபுரத்திலே அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது, பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர் கணபதி ஸ்தபதி. குமரிமுனையிலே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறாரே, 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட சிலை, அதை வடித்துத் தந்தவர் அவரே. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுக்கடுக்கான பெருமை! ஆனால் சாலையோரப் பட்டறையிலே நாள்முழுதும் அமர்ந்து அடிக்கிறானே ஒருவன், அவன் மூக்கிலே ஏறுவது புகழல்ல, கல்தூள்! அந்தத் தூள் நுரையீரலிலே படிந்தால் சிலிகோசிஸ் என்னும் நோய் வரும். வந்தால் தீராது. பொறியால் அறுக்கும்போது தூள் இன்னும் மிகுதி. தண்ணீர் பாய்ச்சி அறுத்தால் தூள் அடங்கும், முகமூடி அணிந்தால் நெஞ்சு தப்பும். யார் சொல்லிக் கொடுப்பது? யார் வாங்கிக் கொடுப்பது? சிலைக்கு மெருகேற்றுகிறவன் நெஞ்சுக்கூட்டைப் படமெடுத்துப் பார்க்க ஆண்டுக்கொரு முகாம் நடத்தினால் அரசாங்கக் கருவூலம் காலியாகிவிடுமா?

பூஞ்சேரிக்கு மீண்டும் வருவோம். 2021 அக்டோபரிலே தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலே நரிக்குறவப் பெண் ஒருவருக்கு இடமில்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் நலத்திட்ட உதவிகளும் வழங்கினார். அடுத்த ஆண்டே, 2022இலே, அதே பூஞ்சேரியின் பெருவிடுதியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது, உலகமே வந்து காய் நகர்த்தியது. மறுப்பில்லை, மாண்புதான். ஆனால் ஒன்று கேட்போம், தோழர்களே! பந்தியிலே இடம் வாங்கிக் கொடுத்தோம், தெருவிலே இடம் வாங்கிக் கொடுத்தோமா? ஒருவேளைச் சோற்றுக்குக் கோயிலில் இடம் கிடைப்பது மானம். மூன்று வேளைச் சோற்றுக்குச் சந்தையில் இடம் கிடைப்பது வாழ்வு. மானமும் வேண்டும், வாழ்வும் வேண்டும்!

"நடைபாதையை மறித்துக் கடை போட்டால் மக்கள் எப்படி நடப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழுப்ப மாட்டோம். நடப்பவனுக்கு வழி வேண்டும், விற்பவனுக்கு இடம் வேண்டும். இரண்டையும் அளந்து வகுக்கத்தானே 2014இல் தெருவோர வணிகர் சட்டம் இயற்றப்பட்டது! அது என்ன சொல்கிறது? படித்தவன் படிக்காதவனுக்குச் சொல்லட்டும், தேநீர்க் கடையிலே உரக்கப் படிக்கட்டும்:

கணக்கெடுப்பு முடிந்து, விற்பனைச் சான்று வழங்கப்படும்வரை எந்தத் தெருவோர வணிகனையும் அகற்றக்கூடாது. அகற்ற வேண்டிய நிலை வந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளை, உரியவன் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டும். அதிலே நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்பான சந்தையை மரபுச் சந்தை என அறிவிக்க வேண்டும், அங்கிருப்போரை இடம்பெயர்க்கக்கூடாது!

மரபுச் சந்தை! கேட்டீர்களா சொல்லை? கல்லுக்கு மரபு உண்டென்று ஒரு சட்டம். கடைக்கும் மரபு உண்டென்று மற்றொரு சட்டம். முதல் சட்டத்துக்குக் காவலரும் உண்டு, கம்பிவேலியும் உண்டு. இரண்டாம் சட்டம் மட்டும் ஏட்டிலே உறங்குகிறது!

2020இலே தெருவோர வணிகருக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் என்று தில்லி அறிவித்தது. நல்லது. கடன் கொடுப்பவர் ஒரு கை, கடையைத் தூக்குபவர் மறு கை. கடனை எங்கே உட்கார்ந்து விற்று அடைப்பது?

கடலோரத்தைப் பாருங்கள். குப்பத்து மீனவன் வலை உலர்த்த மணல் தேடுகிறான், பெருவிடுதிக்காரன் மணலை வேலிபோட்டு அடைக்கிறான். கடற்கரை ஒழுங்குமுறை விதி 1991இலேயே வந்தது, 2011இலே மாறியது, 2019இலே மீண்டும் தளர்ந்தது. விதி எத்தனை முறை மாறினாலும், மீனவனின் கூரைக்கு அது சுவராகவும், பெருமுதலாளியின் மாடிக்கு அது கதவாகவும் இருப்பதுதான் விந்தை!

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஊராரைக் கேட்ட நாக்கு, உற்றாரைக் கேட்கத் தயங்கக்கூடாது. தள்ளுவண்டிக்காரனிடம் நாள்தோறும் கைநீட்டுகிறவர் யார்? காக்கிச் சட்டை மட்டுமா? வட்டிக்காரன் மட்டுமா? கரை வேட்டியும் சில இடங்களில் கை நீட்டுகிறது என்று ஏழை சொன்னால், அவன் வாயை அடைக்காதீர்கள், அந்தக் கையைத் தட்டிவிடுங்கள்! எந்தக் கட்சிக் கரையாயினும் சரி, நம் கட்சிக் கரையாயின் இரட்டிப்புச் சினத்தோடு தட்டுங்கள்! கொடி பிடிக்கக் கூப்பிடும்போது அவன் தோழன், கடை போடும்போது மட்டும் அவன் ஆக்கிரமிப்பாளனா? கூட்டத்துக்கு மணல்போல் திரண்டவன், கடைக்கு ஒரு பாய் அகலம் மணல் கேட்டால் குற்றமா?

இது மாமல்லபுரத்தின் வழக்கு மட்டுமல்ல. பல்லவன் பெயரைத் தாங்கிய பல்லாவரத்திலே வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. பழைய சைக்கிள் முதல் பூச்செடிவரை அங்கே கிடைக்காதது எது? தாம்பரம் 2021இலே மாநகராட்சியாயிற்று. நிலையத்து வாசலிலே பூ விற்பவளும் குரோம்பேட்டைச் சாலையிலே பழம் விற்பவனும் மாநகராட்சியின் மக்கள் அல்லவா? கல் கோயில் இருக்கும் ஊரில் கோயிலைக் காட்டி விரட்டுகிறார்கள், கோயில் இல்லாத ஊரில் போக்குவரத்தைக் காட்டி விரட்டுகிறார்கள். காரணம் வேறு, கண்ணீர் ஒன்று!

ஆகவே தோழர்களே, வெறும் வீரவசனம் வேண்டாம், வேலை வேண்டும். மாமல்லபுரத்திலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் ஐந்தைக் கேளுங்கள். ஒன்று, கணக்கெடுப்பை வணிகர் கண்முன்னே நடத்து. இரண்டு, விற்பனைக் குழுவைத் தேர்தல் வைத்து அமை. மூன்று, ஐம்பதாண்டுச் சந்தையை மரபுச் சந்தை என அறிவி. நான்கு, சின்னங்களுக்குரிய மரபுத் துணைவிதிகளை ஊராரைக் கேட்டு வகுத்து, தமிழிலே வெளியிடு. ஐந்து, நுழைவுச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை அந்த ஊரின் குப்பைக்கும் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் கொடு.

மனு எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் கைரேகை வையுங்கள். அந்தக் கைரேகை குணமல்லனின் உளி எழுத்துக்குக் குறைந்ததல்ல. மனுவின் படியொன்றை வைத்துக்கொண்டு, நாள் குறித்துக்கொண்டு, பதில் வரும்வரை படியேறுங்கள். அடுத்த விருந்தாளி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரட்டும், வரவேற்போம். வரும் வழியிலே தரைக்கடையும் இருக்கட்டும், தள்ளுவண்டியும் இருக்கட்டும், அவர்களும் வாங்கிச் செல்லட்டும் ஒரு சங்கு! தமிழன் செதுக்கிய கல்லை மட்டுமல்ல, செதுக்கிய தமிழனையும் பார்த்துவிட்டுப் போகட்டும்!