வீழாத வேலி

"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. நமது சங்கத் தோட்டத்தின் வேலி சென்ற ஆண்டு பயிரை மேயவில்லை; அதன்மேல் விழுந்து படுத்துவிட்டது! ஜூன் மாதத்தில் ஒரு மாலை, இங்குள்ளோர் 'ஆந்தி' என்று கூறும் புழுதிப் புயல் வீசிற்று. அதனைத் தொடர்ந்து இரவெல்லாம் மழை. விடியற்காலையில் சென்று பார்த்தால், வேலி சாய்ந்து கிடக்கிறது; பசுக்கள் ஐந்து நிதானமாக நின்று மேய்ந்துகொண்டிருக்கின்றன. முருங்கைக் கன்றுகளில் ஓர் இலைகூட எஞ்சவில்லை. நம் விடுதிச் சாம்பாருக்கென நாம் ஈராண்டு வளர்த்த கறிவேப்பிலை, வேலிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

அவ்வேலியைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவன் அடியேன். பௌதிகத்தில் முதுகலை பயில்பவன் கட்டிய வேலி ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்று நண்பர்கள் நகைத்ததில் நியாயம் உண்டு. நிலத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்றும் சங்கத்தில் பேச்சு எழுந்தது. இன்னும் ஒருமுறை முயலத் தவணை கேட்டேன். இவ்வாண்டு கட்டிய வேலி ஆந்தியையும் மழைக்காலத்தையும் கடந்து நிற்கிறது. முன்னது ஏன் விழுந்தது, பின்னது ஏன் நிற்கிறது என்பதை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எவ்வகை வேலி என்ற கேள்வி. எங்கள் கொங்கு நாட்டில் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை நடுவார்கள். என் அப்புச்சியின் காட்டு வேலி அவருக்கு முன்பே நட்டது. இன்றும் உயிரோடு நிற்கிறது. ஆனால் உயிர்வேலி அடர்ந்து வளரப் பல ஆண்டுகள் வேண்டும். நாமோ ஈராண்டில் பட்டம் பெற்றுப் புறப்படுபவர்கள். முள்கம்பி கட்டலாம் என்றார் சிலர். அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் என்பவர் 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, பரந்த புல்வெளிகளை மலிவாக வளைத்துவிட்டது உண்மைதான். ஆனால் நம் தோட்டத்தை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. குழந்தைகளும் கன்றுகளும் அங்கே ஓடித் திரிகின்றன. முள்கம்பியில் கழுத்துக் கிழிந்த ஒரு கன்றை நான் கண்டிருக்கிறேன். நாலு கத்தரிக்காய்க்காக அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று தோன்றிற்று.

ஆதலின் மரமும் கம்பியும் சேர்ந்த வேலியைத் தேர்ந்தோம். இதன் அமைப்பு எளிது. இரண்டிரண்டு கம்பிகளாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரு கம்பிகளுக்கு நடுவே மூங்கில் பிளாச்சுகள். ஒரு பிளாச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆணி அடித்துப் பிளாச்சு பிளக்கும் தொல்லை இல்லை. இங்கிலாந்தின் தென்பகுதியில் செஸ்ட்நட் மரத்தைப் பிளந்து இவ்வாறே வேலி கட்டுகிறார்கள்.

சென்ற ஆண்டும் இதே வேலிதான் கட்டினோம். பிறகு ஏன் விழுந்தது? நான் பிளாச்சுகளை நெருக்கமாக வைப்பதிலேயே கருத்தைச் செலுத்தினேன். சாய்ந்த வேலியைப் பார்க்க வந்த வயதான மாலி, நடுப்பகுதியைத் திரும்பியும் பாராமல் நேரே மூலைக்குச் சென்றார். அங்கிருந்த காலைக் கையால் ஆட்டிவிட்டு, "பேட்டா, வேலி விழுவது எப்போதும் மூலையில்தான்" என்றார். அறைக்குத் திரும்பிக் காகிதத்தில் கணக்கிட்டபோது, அவர் கூறியதே விடையாக வந்தது.

துணி உலர்த்தும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விரலால் மெல்லத் தள்ளினாலும் கொடியின் இரு முனைகளிலும் பெரும் இழுப்பு உண்டாகிறது. இரு கால்களுக்கு இடையே 8 அடி. நடுவில் ஒரு பசு 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சாய்கிறது. கம்பி அரை அடி வளைகிறது என்று கொள்வோம். கம்பியில் எழும் இழுப்பு, தோராயமாக, 30-ஐ 8-ஆல் பெருக்கி, வளைவின் நான்கு மடங்கான 2-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 120 கிலோ. அதாவது பசு தள்ளியதைப் போல் நான்கு மடங்கு! கம்பி கால் அடி மட்டுமே வளையுமாறு விறைப்பாக இருந்தால் இழுப்பு 240 கிலோ ஆகிவிடும். இந்த இழுப்பெல்லாம் கம்பி வழியே ஓடிச் சேருமிடம் மூலைக்கால். நடுக்கால்கள் வேலியை நிமிர்த்திப் பிடிக்கின்றனவேயன்றி, இழுப்பை ஏற்பதில்லை. ஆகவே கம்பியை வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டுவது பலமன்று; மூலைக்கு அது பகை.

என் பெரும்பிழை முட்டுக்காலில் இருந்தது. மூலைக்காலுக்கு நான் வெளிப்புறத்திலிருந்து மரமுட்டுக் கொடுத்திருந்தேன். கம்பியோ காலை உள்ளே இழுக்கிறது. அப்போது கால் முட்டைவிட்டு விலகுகிறதேயன்றி அதன்மேல் சாய்வதில்லை. முட்டு சும்மா நிற்கிறது. முட்டு இருக்கவேண்டிய இடம் வேலி வரிசைக்கு நேர் கீழே. காலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு வெட்டுக் கொடுத்து முட்டின் தலையை அதில் பொருத்தி, அதன் அடியை 4 அடி தள்ளி, மண்ணில் பதித்த செங்கல்லின்மேல் ஊன்றவேண்டும். மூலையில் இரு பக்கமும் கம்பி இழுப்பதால் முட்டும் இரண்டு வேண்டும். கங்கைச் சமவெளியின் வண்டல் மண் மழையில் குழைந்துவிடும்; செங்கல் இல்லையேல் முட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இனி வேலைமுறை. மூலைக்காலும் வாயிற்காலும் ஏழரை அடி நீளம்; 3 அடி மண்ணுக்குள். நடுக்கால்கள் ஆறரை அடி. 2 அடி மண்ணுக்குள். தைலமரக் கழிகளே போதும். குழியில் மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல், அரை அடிக்கு ஒருமுறை கடப்பாரையின் மொட்டை முனையால் இடிக்கவேண்டும்.

கம்பிகளை முனைக்கு முனை ஓரளவு தளர்வாகவே கட்டுக. நடுக்கால்களில் 'ப' வடிவ ஆணியை முழுதும் அறையாமல், கம்பி நழுவ இடம் விடுக. பின்னர் ஓரடி நீளக் கட்டையில் இரண்டு அங்குல இடைவெளியில் இரு துளைகள் இட்டு, கம்பிகளைக் கட்டும்போதே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கட்டை வீதம் கோத்துவிடவேண்டும். பிளாச்சை நுழைத்து, கட்டையை வலப்புறம் இரண்டு சுற்று; அடுத்த பிளாச்சை நுழைத்து, இடப்புறம் இரண்டு சுற்று. ஏன் மாற்றி மாற்றி? கட்டையை வலப்புறம் சுற்றும்போது, அதற்கு அப்பாலுள்ள கம்பியில் எதிர்முறுக்கு ஏறுகிறது. இடப்புறம் சுற்றினால் அது அவிழ்ந்துவிடும். ஒரே பக்கமாகச் சுற்றினால் பத்துப் பிளாச்சுக்குள் கம்பி சிக்கிக்கொள்ளும். மூன்று வரிசைக்கு மூவர் ஒரே நேரத்தில் சுற்றினால் வேலை விரைவில் முடியும். பேச்சுத் துணையும் ஆயிற்று.

மரம் மக்குவது பற்றியும் ஒரு சொல். ஊன்றிய கால் அடியிலும் மக்குவதில்லை, நுனியிலும் மக்குவதில்லை, தரைமட்டத்தில்தான் மக்குகிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் காற்றுக் குறைவு. மேலே ஈரம் குறைவு. தரைமட்டத்தில் இரண்டும் உண்டு. ஆகையால் நன்கு உலர்ந்த காலுக்கு, அடியிலிருந்து தரைக்குமேல் ஓரடி வரை தார் பூசுக. நுனியைச் சரிவாகச் சீவினால் மழைநீர் தங்காது. பிளாச்சு மண்ணைத் தொடாமல் 2 அங்குலம் தூக்கி நிற்கட்டும். இல்லையேல் கரையான் ஏறும். மூங்கிலைப் பிளக்குமுன் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள மாச்சத்துக் குறையும். துளைக்கும் வண்டும் அவ்வளவாக அண்டாது. கம்பி துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

நமது நிலம் 40 அடிக்கு 25 அடி. சுற்றளவு 130 அடி. வாயிலுக்கு 3 அடி போக, அடிக்கு மூன்றாக ஏறத்தாழ 380 பிளாச்சுகள். நல்ல மூங்கில் ஒன்றில் 20 கிடைக்கும். ஆக 20 மூங்கில். அவற்றுள் எட்டு, பொங்கல் விழாப் பந்தலில் மிஞ்சியவை. 2 மில்லிமீட்டர்க் கம்பி முறுக்குக்கும் சேர்த்து 7 கிலோ போதும். கால்கள் 17, முட்டுகள் 8. முள்கம்பி வேலிக்குக் கடைக்காரர் கேட்டதில் பாதிகூட நமக்கு ஆகவில்லை.

வாயிலை எப்பக்கம் வைப்பது என்று குழுவில் நெடுநேரம் விவாதித்தோம். விடுதிப் பக்கம் வைத்தால் நமக்கு வசதி. முடிவில் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்த பக்கத்திலேயே, மூலையை ஒட்டி வைத்தோம். கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றிருந்தபோது, செடிகளுக்கு நீர் ஊற்றியவர்கள் அவர்கள்தாம். மாலியின் பேத்தி வந்து வெண்டைக்காய் பறித்துச் செல்கிறாள். நசுங்கிய கறிவேப்பிலையும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்திருக்கிறது. கிழக்கு மூலையில் ஒரு முட்டு மட்டும் இந்த மழையில் சற்றே இறங்கியுள்ளது. வரும் ஞாயிறு காலை அதைச் சரிசெய்யப் போகிறேன். செங்கல் தூக்க இருவர் வேண்டும். சென்ற ஆண்டு நகைத்த நண்பர்களை முதலில் அழைக்கிறேன்.